பனித்தள அரசி சோன்யா ஹேனி

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் நாட்டார் வழங்கும் பழமொழி. பெரியோர் வரலாறு எழுதுவோர் பலரும் இதனைக் கொண்டே தொடங்குவர். யாம் ஈண்டு எழுதப் புகுந்த அம்மையாரின் வரலாறோ இதற்குச் சிறிது மாறாக நிற்கின்றது. ஒலிம்பிக் அரங்கில் அவர் முதன்முதல் தோன்றிய ஞான்று, போட்டியிட்ட எண்மருள் எட்டாம் இடமே பெற்றார். அவரே பின்னர்ப் பத்தாண்டுகள் உலக முதன்மையை எவர்க்கும் விட்டுக்கொடாது வைத்திருந்தார். நார்வே நாட்டுச் சோன்யா ஹேனி அம்மையாரே அவர்.

இவர் 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் நார்வேயின் தலைநகரிற் பிறந்தார். அந்நகர் அந்நாளிற் கிறிஸ்தியானியா என வழங்கிற்று. 1925 முதல் ஆஸ்லோ எனப் பெயர் பெற்றது. தந்தையார் வில்ஹெல்ம் ஹேனி, மென்மயிர்த் தோலாடை விற்கும் செல்வ வணிகர். இளமையில் மிதிவண்டிப் பந்தயத்தில் உலக வெற்றி கண்டவர். தம் மகளின் விருப்பத்தையும் ஆற்றலையும் உணர்ந்த அவர், பொருளை நோக்காது நல்லாசிரியரிடம் பயிற்றுவித்தார். சறுக்காட்டத்தோடு பாலே நடனமும் இவர் கற்றார். ருஷ்ய நாட்டு ஆடன் மாதாகிய அன்னா பாவ்லோவா அம்மையாரைத் தமக்கு வழிகாட்டியாக உள்ளத்திற் கொண்டார்.

வெயில் நாட்டினராகிய நமக்கு இச்சறுக்காட்டம் புதிது. ஆதலின் அதன் இயல்பைச் சுருங்கக் கூறுதும். குளிர் மிக்க நாடுகளில் மாரிக்காலத்தே ஏரிநீர் கல்லெனப் பனிக்கட்டியாய் இறுகும். அடியில் மெல்லிய எஃகு அலகு பொருத்திய காலணியை அணிந்து அத்தளத்தின்மேல் விரைந்து சறுக்குவதே ஸ்கேட்டிங் எனப்படும். அதனைக் கலையாக வளர்த்தபோது போட்டி இருபகுதிப்பட்டது. ஒன்று, இசைக்கேற்பத் தாவியும் சுழன்றும் விருப்பம்போல் ஆடுவது. மற்றொன்று, ஒற்றைக்காலில் நின்று வட்டங்களையும் எட்டு என்னும் எண்ணின் வடிவையும் பனியின்மேல் வரைவது. ஒருமுறை வரைந்த கோட்டின்மேலேயே மீண்டும் மீண்டும் பிசகாது செல்லுதல் வேண்டும். ஆடுவோர் அகன்றபின் நடுவர் குனிந்து, பனியிற் பதிந்த சுவடுகளை நோக்கி மதிப்பிடுவர். சோன்யா அம்மையார் காலத்தில் வெற்றியின் பெரும்பகுதி இதனையே சார்ந்திருந்தது. 1990-ஆம் ஆண்டோடு உலகப் போட்டிகளிலிருந்து இப்பகுதி நீங்கிவிட்டது.

முதற் பனிக்கால ஒலிம்பிக் போட்டி 1924-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுச் சாமோனி நகரில் நிகழ்ந்தது. சோன்யாவுக்கு அப்பொழுது வயது 11. தம்மினும் மூத்த மகளிர் எழுவரோடு இச்சிறுமியும் களம் புகுந்தார். ஆடுங்கால் நடுவே நின்று, அடுத்துச் செய்வது யாதெனத் தம் ஆசிரியரைக் கேட்க ஓரத்திற்கு ஓடினார் என்பர். கிடைத்தது கடைசி இடம். பெருந்தோல்வி கண்ட பிள்ளைகள் பலர் அத்துடன் களத்தை மறப்பர். சோன்யாவோ ஊர் திரும்பி, நாடோறும் பல மணி நேரம் பனித்தளத்திற் பயின்றார். இரண்டாண்டுகளில், 1926-இல், உலகப் போட்டியில் இரண்டாம் இடம் எய்தினார்.

1927-ஆம் ஆண்டு உலகப் போட்டி அவர் பிறந்த ஆஸ்லோ நகரிலேயே நடைபெற்றது. நடுவர் ஐவருள் மூவர் நார்வே நாட்டினர். அம்மூவரும் சோன்யாவையே முதல்வர் என்றனர். ஏனை இருவரும், ஐந்தாண்டுகள் தொடர்ந்து உலக முதன்மை பெற்றிருந்த ஆஸ்திரிய நாட்டு ஹெர்மா சாபோ அம்மையாரைத் தேர்ந்தனர். வெற்றி சோன்யாவைச் சேர்ந்தது. பூசலும் உடன் எழுந்தது. அதன் பயனாக, ஒரு நாட்டிற்கு ஒரு நடுவரே இருத்தல் வேண்டும் என்னும் விதி பிறந்தது. 14 வயதுப் பெண்ணை இதன்பொருட்டுக் குறைகூறுதல் தகாது. ஆயினும் அம்முதல் வெற்றியின்மேல் ஐயத்தின் நிழல் படிந்தமையை மறைத்தலும் நேர்மையன்று.

அந்நிழலை அவர் சொல்லால் நீக்க முயலவில்லை. 1928-இல் செயின்ட் மோரிட்ஸ் நகரில், 15-ஆம் வயதில் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்றார். அவரினும் இளையவராய் மகளிர் தனியாட்டத்தில் அப்பரிசு பெற்றவர் 70 ஆண்டுகள்வரை, அஃதாவது 1998 வரை, எவருமிலர். மீண்டும் 1932-இல் லேக் பிளாசிடிலும், 1936-இல் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ச்சென் நகரிலும் வென்றார். 1927 முதல் 1936 வரை உலகப் போட்டிகள் பத்திலும் வெற்றி அவருடையதே. இன்றளவும் மகளிர் தனியாட்டத்தில் இதனை ஒத்தார் இல்லை. கலையையும் அவர் மாற்றினார். குட்டைப் பாவாடை உடுத்தும் வழக்கத்தை மகளிர்க்குரியதாக்கினார். தாவலையும் சுழற்சியையும் இசையோடு இயைத்து ஒரு முழு நடனமாக அமைத்தார்.

நிற்க. அவர் வாழ்வில் யாம் போற்ற இயலாத ஒரு பகுதியும் உண்டு. 1936-ஆம் ஆண்டு தொடக்கத்திற் பெர்லினில் ஆடியபோது, ஹிட்லருக்கு நாஜி முறையிற் கைநீட்டி வணக்கம் செய்தார். அவர் நாட்டுச் செய்தித்தாள்கள் கடிந்தன. அதன்பின்னும், ஒலிம்பிக் முடிந்ததும் ஹிட்லரின் அழைப்பை ஏற்று விருந்துண்டு, கையொப்பமிட்ட படமும் பெற்றார். நான்காண்டுகளில், 1940 ஏப்ரலில், அதே ஹிட்லரின் படைகள் நார்வேயைக் கைப்பற்றின. அப்படம் வீட்டிற் காணப்பட்டமையால் ஹேனி குடும்பத்தாரின் உடைமைகள் தப்பின என்பர். சோன்யாவோ அப்பொழுது அமெரிக்காவில் திரைப்பட நடிகையாய்ப் பெரும்பொருள் ஈட்டிக்கொண்டிருந்தார். 1941-இல் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். துன்புற்ற நாட்டார் பலர் இதனை எளிதில் மறந்தாரல்லர். அரசியல் அறியாத ஆட்டக்காரி என்று அவர்க்காக வழக்காடுவாரும் உளர். 11 வயதுச் சிறுமிக்கு அறியாமை பொருந்தும். 23 வயதில் உலகம் முழுதும் சுற்றியவர்க்கு அது முழுதும் பொருந்துமோ?

போர் ஓய்ந்தபின் 1953-இல் தம் ஆட்டக் குழுவுடன் அவர் ஆஸ்லோ சென்றபோது மக்கள் திரண்டு வரவேற்றனர். 1956-இல் நார்வே நாட்டுக் கப்பல் வணிகர் நீல்ஸ் ஆன்ஸ்டாடை மணந்தார். இருவரும் தாம் திரட்டிய ஓவியங்களைத் தாய்நாட்டிற்கு அளித்து, ஆஸ்லோவை அடுத்த ஹோவிகோடனில் ஒரு கலைக்கூடம் நிறுவினர். 1968-இல் அது திறக்கப்பெற்றது. மறு ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், இரத்தப் புற்றுநோயுற்ற அம்மையார், பாரிசிலிருந்து ஆஸ்லோ செல்லும் வானூர்தியிலேயே 57-ஆம் வயதில் உயிர் நீத்தார். அக்கலைக்கூடத்தை அடுத்த குன்றின்மீது அவர் அடக்கம் செய்யப்பெற்றார்.

இளையோர்க்கென்றே தனி உலகப் போட்டி 1976-இல் பிரான்சு நாட்டு மெஜேவ் நகரில் தொடங்கிற்று. 2022-இல் உலகச் சறுக்காட்டக் கழகம், மூத்தோர் போட்டிக்குரிய குறைந்த வயதைப் படிப்படியாக 17 ஆக உயர்த்தத் தீர்மானித்தது. பிள்ளைகளின் உடலும் உள்ளமும் முதிருமுன் பெருஞ்சுமை ஏற்றலாகாது என்பது அதன் கருத்து. இவ்விதி அன்றே இருந்திருப்பின் சோன்யா சாமோனிக்குச் சென்றிரார். அத்தோல்வியும் அவர்க்கு ஆசானாய் அமைந்திராது. ஆயின், புகழைத் தாங்கும் அறிவு முதிருமுன் புகழும் வந்திராது. இதில் எது நன்றென்று துணிதல் எளிதன்று.

மாணவராகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கன இரண்டு. தேர்விற் கடைசியிடம் பெற்றவர் அங்கேயே நின்றுவிட வேண்டுவதில்லை என்பது ஒன்று. ஆடுவோர் அகன்றபின் நடுவர் நோக்கியது பனியில் எஞ்சிய சுவட்டை. கைத்தட்டல் அடங்கியபின் நம் வாழ்வின் சுவட்டையும் பிறர் அவ்வாறே குனிந்து நோக்குவர். நேராகச் சென்ற கோடும் பிறழ்ந்த கோடும் அங்கே ஒருங்கே தெரியும் என்பது மற்றொன்று.