கணக்குச் சாலை கண்ட தமிழ்ப் பெரியார்

சென்ற ஆண்டு எம் கல்லூரி மேல்வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாவுக்குச் சென்றிருந்தோம். காசியப்ப மன்னனின் கோட்டையைக் காணவந்த பழங்காலத்து யாத்திரிகர், அங்குள்ள கண்ணாடிச் சுவரிலே தம் உள்ளத்தெழுந்த சிங்களப் பாடல்களைக் கீறிச் சென்றனர். பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையில் எழுதப்பட்ட அவற்றுள் 685 பாடல்களைத் தொல்பொருளறிஞர் செனரத் பரணவிதான அரிதின் முயன்று படித்தறிந்து, 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். சுவரில் எழுதியவை ஆயிரம் ஆண்டு கடந்தும் நின்றன. ஓலையில் எழுதிய எம் முன்னோர் நூல்களுக்கோ அந்நற்பேறு வாய்க்கவில்லை. செல்லுக்கும் நெருப்புக்கும் இரையானவை போக எஞ்சியவற்றை யாரேனும் ஒருவர் தேடியெடுத்துக் காத்தாலன்றி அவை பிழைத்தல் அரிது.

மாத்தளையிலே கணக்காளராகப் பணிபுரியும் எம் பழைய மாணவர் ஒருவரும் அன்று எம்முடன் வந்திருந்தார். பள்ளியில் தமிழிலே முதன்மை பெற்றவர். சிலகாலம் ஆசிரியராயிருந்து, முப்பது வயது கடந்தபின் கணக்கியற் பரீட்சைகளுக்கு அமர்ந்து அத்தொழிலை மேற்கொண்டவர். கணக்குப் புத்தகத்தின் முன் அமர்ந்த நாள்தொட்டுத் தமக்கும் தமிழுக்கும் இருந்த உறவு அற்றுப்போயிற்றென்று அவர் வருந்திக் கூறினார். அப்பொழுது நான் நினைந்த பெரியார் ஒருவரின் வரலாற்றையே இம்மலர்வாயிலாக அவருக்கும் அவரையொத்த பிறருக்கும் சொல்ல விழைகின்றேன். அப்பெரியார் இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி என்னும் ஊரில், வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மைந்தராக 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையாரிடத்துத் தொடக்கக் கல்வியும், சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடத்து இலக்கண இலக்கியமும் கற்றார். ஆங்கிலக் கல்வியைத் தெல்லிப்பழையிலே தொடங்கி, அக்காலத்தில் பெரும்புகழ் படைத்திருந்த வட்டுக்கோட்டைச் செமினரியிலே நிறைவு செய்தார். 1852இல் கோப்பாய் ஆசிரியப் பயிற்சிப் பாடசாலையிலே ஆசிரியரானார். இருபத்திரண்டு வயது நிரம்புமுன்னரே நீதிநெறி விளக்கத்தை உரையுடன் பதிப்பித்தமை, பிற்கால வாழ்வுக்கு இட்ட கால்கோளாயிற்று.

அவர்தம் ஆற்றலை அறிந்த பேர்சிவல் பாதிரியார், தாம் சென்னையில் நடாத்திய தினவர்த்தமானிப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்குமாறு அழைத்தார். அழைப்பையேற்றுக் கடல்கடந்த பிள்ளையவர்கள், பத்திரிகைத் தொழிலோடு சென்னை இராசதானிக் கல்லூரியிலே தமிழும் கற்பித்தார்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அடுத்த ஆண்டு அப்பல்கலைக்கழகத்தின் முதற் பி.ஏ. பட்டதாரிகளாக வெளிவந்தோர் இருவர், இருவரும் யாழ்ப்பாணத்தவரே. ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் வட்டுக்கோட்டையிற் கற்பித்த விசுவநாதபிள்ளை.

தமிழாசிரியராயும் பத்திராதிபராயும் விளங்கிய ஒருவர் அத்துறையிலேயே நிலைபெறுவாரென்று நாம் எண்ணுவோம். அவ்வாறு நிகழவில்லை. கள்ளிக்கோட்டை அரசாங்கக் கல்லூரியிற் சிலகாலம் கற்பித்தபின், சென்னை அரசாங்க வரவு செலவுக் கணக்குச் சாலையிலே அவர் பணியேற்றார். படிப்படியாக உயர்ந்து விசாரணைக் கர்த்தர் என்னும் பதவியையும் அடைந்தார். அதனோடும் அமையாது சட்டம் பயின்று, 1871ஆம் ஆண்டில், தமது முப்பத்தொன்பதாவது வயதளவில் பி.எல். பரீட்சையிலே சித்தியெய்தினார். 1882இல் அரசாங்க சேவையினின்றும் இளைப்பாறிக் கும்பகோணத்திலே வழக்கறிஞராகத் தொழில் நடாத்தினார். 1887 முதல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து நீதிபதியாகவும் அமர்ந்தார்.

இத்துணைத் தொழில்மாற்றங்களுக்கிடையே தமிழை அவர் மறந்தாரோ? அரசாங்க ஊழியராயிருந்த காலத்திலேயே, 1868இல், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு, ஆறுமுக நாவலர் பரிசோதிக்க, அச்சேற்றினார். 1881இல் வீரசோழியம் வெளிவந்தது. இளைப்பாறிய பின்னர் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் 1883இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும், இலக்கண விளக்கமும் சூளாமணியும் 1889இலும் வெளிவந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சுவாகனம் ஏறியது அவருடைய கலித்தொகையேயாம்.

கணக்காய்வாளன் செய்வது யாது? ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டுத் தேடுகின்றான். ஒரேட்டிலுள்ள தொகையை மற்றோரேட்டிலுள்ளதனோடு ஒப்புநோக்குகின்றான். முரண்பாடு கண்டவிடத்து, காரணம் அறியும்வரை மேற்செல்ல மறுக்கின்றான். ஏட்டுப்பிரதிகள் பலவற்றைத் தேடித் தொகுத்து, பாடபேதங்களை ஒப்பிட்டு, உரையாசிரியர் காட்டும் மேற்கோள் இன்ன நூலினதென்று துணிவதும் அத்தகைய தொழிலே. பகலிற் கணக்கேடும் இரவிற் பனையேடுமாக அமர்ந்த அவருக்கு, ஒன்றிற் பெற்ற பொறுமை மற்றதற்கு உதவியிருக்குமென்றே நான் கருதுகின்றேன்.

பிழையே நேரவில்லையென்று சொல்வது அப்பெரியாருக்குப் புகழாகாது. பொருளதிகாரம் முழுமைக்கும் உள்ள உரை நச்சினார்க்கினியருடையதென்றே அவர் பதிப்பித்தார். அதன் இறுதி நான்கு இயல்களுக்கும் அங்கு அச்சாகிய உரை பேராசிரியருடையதென்பதைப் பிற்கால அறிஞர் நிறுவினர். ஆயினும், நூல் அச்சாகி எல்லார் கையிலும் கிடைத்தமையாலன்றோ அப்பிழையை ஆராய்ந்து திருத்தவும் முடிந்தது? குறையின்றிப் பதிப்பிக்கும் நாளை எதிர்நோக்கிக் காத்திருப்பின் ஏடுகள் அதற்குள் அழிந்தொழியுமென்பதையும், முன்வருவோர்க்குப் பழியும் உண்டென்பதையும் அவர் தம் பதிப்புரைகளில் உருக்கமாக எடுத்துரைத்துள்ளார். பழிக்கு அஞ்சி ஒதுங்காமையே அவர் செய்த பேருதவி.

அந்நாளிற் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராயிருந்தவர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். சீவக சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கப் பிள்ளையவர்கள் விரும்பியதும், ஐயரவர்கள் அதற்கு இசையாது தாமே முயன்று 1887இல் வெளியிட்டதும் தமிழுலகம் அறிந்தவை. ஒரே ஊரில் வாழ்ந்த இருவரும் தத்தம் வழியே சென்று பழந்தமிழ்ச் செல்வத்தை மீட்டனர். ஒருவர் தமிழ் கற்பித்தே வாழ்ந்தவர்; மற்றவர் வேறு தொழிலிற் பொருளீட்டித் தமிழுக்குத் தொண்டு செய்தவர். தமிழுக்கு இருவரும் வேண்டியவராயினர்.

பிறந்த நாட்டையும் அவர் மறந்தாரல்லர். கிறித்தவச் சூழலிலே வளர்ந்து பின்னர்ச் சைவத்துக்கு மீண்ட அவர், சைவமகத்துவம் என்னும் நூலை இயற்றினார். ஏழாலையிலே 1876இல் ஒரு பாடசாலையை நிறுவினார். சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் அங்கு ஆசிரியராய் விளங்கினார். 1895இல் அரசாங்கம் இராவ்பகதூர் பட்டம் வழங்கிற்று. 1901ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சென்னையிலே அவர் சிவபதம் அடைந்தார்.

எம் பழைய மாணவர் பலர் வங்கிகளிலும் திணைக்களங்களிலும் வணிக நிலையங்களிலும் கணக்கெழுதி வாழ்கின்றனர். சிலர் மத்திய வயதிலே அத்தொழிலைக் கற்றுத் தேறியவர். தாம் கற்ற தமிழ் வீணாயிற்றென்று அவர்கள் வருந்தவேண்டுவதில்லை. ஆனால் நேரமில்லையென்று சொல்வதற்கும் பிள்ளையவர்கள் வரலாறு இடந்தரவில்லை. வீட்டுப் பரணிலே கிடக்கும் பாட்டனார் ஏட்டுக்கட்டு ஒன்றையேனும் எடுத்துத் துடைத்து, அஃது இன்னதென்று அறிந்து, அறிஞர் கையிற் சேர்ப்பித்தல் எவர்க்கும் இயலும். சீகிரியாவில் விடைபெறும்பொழுது அக்கணக்காள நண்பரிடம் இவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறினேன். தம் ஊரில் ஒரு பழைய பெட்டி இருக்கின்றதென்றும், அடுத்த விடுமுறையில் அதனைத் திறந்து பார்ப்பதாகவும் அவர் சொன்னார்.