அடைக்கலம் தந்த அன்னை: டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணைப் பார்த்து, அந்த இடத்தை விட்டு வந்துவிடு என்று சொல்வது எளிது. ஆனால் வந்தவள் அன்றிரவு எங்கே தங்குவாள், மறுநாள் எதை உண்பாள் என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவ்வாறு எண்ணிப் பார்த்ததோடு நில்லாமல், தம் இல்லத்தையே திறந்து வைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்த மரபில் பிறந்த சிறுமியர் சிலர், விவரம் அறியா வயதிலேயே கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்டனர். அவர்களுக்குத் திருமணம் இல்லை. செல்வர்களின் இச்சைக்கு இரையாவதே பலருடைய விதியாயிற்று. பழிச்சொல்லோ அப்பெண்கள் மீதே விழுந்தது. அந்த வேதனையை அம்மையார் சிறு வயதிலிருந்தே கண்டு உணர்ந்திருந்தார்.

ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் இவர் சேர விரும்பியபோது எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் அனுமதி அளித்தார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912ஆம் ஆண்டு சிறப்புடன் தேறி மருத்துவரானார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதே திருமணத்திற்கு முன் அம்மையார் கேட்டுக்கொண்டது. அவரும் மனமுவந்து இசைந்தார். இல்லறம் என்பது அடக்கி ஆள்வதும் அடங்கி நடுங்குவதும் அன்று என்பதை இருவரும் வாழ்ந்து காட்டினர்.

சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமனம் பெற்ற அம்மையார், விரைவில் அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே அயராது வாதாடினார். கோயில் பணியை விட்டால் மானிய நிலம் பறிபோகும் என்ற அச்சமே பல குடும்பங்களை அவ்வழக்கத்தில் கட்டிப் போட்டிருந்தது. ஆகவே பணியிலிருந்து விலகினாலும் நிலம் அவர்களுக்கே உரியது என்று 1929இல் சட்டத் திருத்தம் கொண்டு வரச் செய்தார். உண்ணச் சோறு இல்லாதவளுக்கு விடுதலை வெறும் சொல்லே என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். வழக்கத்தை முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. மகாத்மா காந்தி 1930இல் கைதானபோது அம்மையார் தம் பதவியைத் துறந்தார்.

ஏறத்தாழ அக்காலத்தில்தான், தேவதாசி மரபிலிருந்து தப்பி வந்த இளம் பெண்கள் சிலர் அம்மையாரின் உதவியை நாடி வந்தனர். பிறப்பைக் காரணம் காட்டி அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன விடுதிகள். பாவம் செய்தவர் வேறு யாரோ இருக்க, கதவு அடைக்கப்பட்டதோ இப்பெண்களுக்கு! அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக் காத்தார். இதுவே அவ்வை இல்லத்தின் தொடக்கம். கல்வியால் உயர்ந்த தமிழ் மூதாட்டியின் பெயரை அதற்குச் சூட்டினார். அடையாறில் வளர்ந்த அவ்வில்லம் அநாதைச் சிறுமியர், கைவிடப்பட்ட பெண்கள் எனப் பலருக்கும் புகலிடமாயிற்று. உணவும் உறைவிடமும் மட்டுமன்றிக் கல்வியும் அங்கே கிடைத்தது. யார் வயிற்றில் பிறந்தாய் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அம்மையார், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தொடங்கவும் காரணமானார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அம்மையார் தொடங்கிய பணி இன்று பல வடிவங்களில் தொடர்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005இல் வந்தது. அதன்படி பாதுகாப்பு அலுவலர்கள் நியமிக்கப்பட்டுள்ளனர். சிறார்க்கு இழைக்கப்படும் பாலியல் குற்றங்களைத் தண்டிக்க 2012இல் போக்சோ சட்டம் வந்தது. 2015 முதல் அமைக்கப்பட்ட ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மருத்துவ உதவி, மனநல ஆலோசனை, சட்ட உதவி, காவல்துறை உதவி, சில நாள் தங்குமிடம் யாவும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. பெண்கள் 181 என்ற எண்ணையும், சிறுவர் சிறுமியர் 1098 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஆயினும் எத்தனை மையங்கள் இருந்தென்ன? வாய் திறக்க அஞ்சும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது, தன்னை நம்பும் ஒரு செவி. அன்பு மாணவியரே, தீங்கு செய்தவருக்கே வெட்கம், தீங்குற்றவளுக்கு அன்று. உங்களுக்கோ உங்கள் தோழிக்கோ அத்தகைய துன்பம் நேர்ந்தால் மூடி மறைக்காதீர்கள். தாயிடமோ, ஆசிரியையிடமோ, அருட்சகோதரியிடமோ துணிந்து சொல்லுங்கள். பெற்றோரே, பெண் பேசும்போது ஊர் என்ன சொல்லும் என்று எண்ணாமல், அவள் சொல்வதை முதலில் கேளுங்கள். தம்மை நாடி வந்த பெண்களை அம்மையார் குறுக்கு விசாரணை செய்யவில்லை, உள்ளே அழைத்துக்கொண்டார். நாமும் அவ்வழி நடப்போமாக!