கூரைக்குள் இருந்த விசுவாசம்

வில்லியம் சேக்ஸ்பியர் மறைவாகக் கத்தோலிக்கராக வாழ்ந்தாரா? இந்தக் கேள்வியோடு தேடத் தொடங்கிய எனக்கு முதலில் அகப்பட்டவர் அவருடைய தந்தை ஜோன்.

1564இல் மகன் பிறந்தபோது இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பூசைக்குத் தடை. 1581இலிருந்து அரச திருச்சபை வழிபாட்டுக்குப் போகாதவர்களுக்கு மாதம் 20 பவுண் தண்டம். ஸ்ட்ராட்போர்ட் சிற்றாலயத்தின் சுவரோவியங்களை அழிக்கக் கொடுத்த 2 சிலிங், நகரப் பொருளாளர் ஜோனின் பொறுப்பிலிருந்த கணக்கில்தான் பதிவாகியிருக்கிறது. ஆனால் 1757இல் அவருடைய வீட்டுக் கூரை ஓடுகளுக்குள், அவர் பெயரில் எழுதப்பட்ட கத்தோலிக்க விசுவாச அறிக்கையொன்று அகப்பட்டது. மூலப்பிரதி பின்னர் தொலைந்துபோனது. அது உண்மையானதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

1606இல், வெடிமருந்துச் சதிக்கு அடுத்த ஆண்டு, உயிர்த்த ஞாயிறு நற்கருணை பெறாதோர் பட்டியலில் சேக்ஸ்பியரின் மகள் சுசானாவின் பெயர் இருந்தது. அவரோ அரச திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று, 1616இல் அதே தேவாலயத்திலேயே அடக்கமானார்.

இவை எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் சோதனைக்குப் பயந்து படங்களையும் கடிதங்களையும் கூரைக்குள் செருகிய வீட்டில் வளர்ந்தவள் நான். பதிவேட்டில் இருப்பது அரசுக்குக் காட்டிய முகம். அதை மட்டும் வைத்து அவர் மனதைத் தீர்ப்பிட எனக்குத் துணிவில்லை.