பென்னிகுவிக் அரைத்த காரை

எங்கள் குடும்பம் தேனிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்காகக் குமுளிக்கு வந்தது. தாத்தாவுக்குப் பென்னிகுவிக் எப்போதும் 'துரை'தான்.

ஜான் பென்னிகுவிக் 1841-இல் புனேயில் பிறந்தார். பெரியாற்று நீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பும் அணைவேலை 1887-இல் தொடங்கியது. வரைபடத்தில் அணை எழுப்புவது எளிது, நண்பர்களே! காட்டிலோ, தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றது. மலேரியா ஆட்களை மாய்த்தது. கூலியாட்களைத் திரட்டுவது, பொருள்களை மலையேற்றுவது, இடிந்ததை மறுபடி கட்டுவது: இவையே அவருடைய அன்றாடம். கட்டடக் கலை என்றால் அழகிய முகப்பு என்று எண்ணியிருந்தேன், வெட்கமாயிருக்கிறது.

வேதியியல் மாணவனாகிய என்னை மயக்கியது அந்தக் காரைதான். சுட்ட செங்கற்பொடியாகிய சுர்க்கியைச் சுண்ணாம்புடன் சேர்த்து அரைத்தார்கள். ஈரத்திலும் இறுகும் கலவை அது. அதைக் கொண்டே கற்களைப் பிணைத்தார்கள்.

1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. சுரங்கம் வழியே நீர் கிழக்கே பாய்ந்தது. 1911-இல் இங்கிலாந்தில் பென்னிகுவிக் மறைந்தார். அவர் பிறந்த சனவரி 15 அன்று தேனிப் பக்கத்து உழவர்கள் இன்றும் அவர் பெயரால் பொங்கலிடுகிறார்கள்.

அந்தக் காரையை அரைத்தவர்களின் பெயர்களைத் தாத்தாவிடம் கேட்டேன். ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியவில்லை.