நல்லூர் நாவலர்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே, கந்தப்பிள்ளை யென்பார்க்கும் சிவகாமியம்மையார்க்கும் அருமை மகனாராய், 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள் தோன்றியவர் ஆறுமுகநாவலர். அவரது சரிதத்தை முற்றக் கூறுதல் ஈண்டு எம் கருத்தன்று. முன்னோர் ஓலையிற் காத்த ஞானத்தைப் பின்னோர் கைக்கு எட்டச்செய்ய அவர் மேற்கொண்ட முயற்சியொன்றனையே எடுத்துக்கொள்கின்றாம்.

தமிழ்நூல்களை முறையாகக் கற்ற அவ்விளைஞர், ஆங்கிலங் கற்கும் பொருட்டு யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்தார். பின்பு அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அதன் தலைவராகிய பேர்சிவல் பாதிரியார் விவிலிய நூலைத் தமிழாக்கியபோது அவர்க்குத் துணைபுரிந்தவரும் இவரே. சைவ நாவலர் கிறிஸ்து வேதத்துக்குத் தமிழ்செய்ததோ என்று மயங்குவாருமுளர். அப்பணியினால் நமக்கு விளைந்த ஊதியம் சிறிதன்று. அச்சு யாது செய்யும், வகுப்பமைத்துப் பயிற்றும் பாடசாலை யாது செய்யும் என்பவற்றை அவர் நேரிற் கண்டுணர்ந்த இடம் அதுவேயாம். பிறர்பாற் கண்ட கருவி நல்லதாயின் கொள்ளத்தக்கதே என்னுந் துணிவு அவர்க்கு அங்கேதான் பிறந்திருத்தல் வேண்டும்.

1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே முதன்முதற் சைவப்பிரசங்கஞ் செய்தார். மறுவாண்டில் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, பேர்சிவலாரிடத்துப் பெற்றிருந்த உத்தியோகத்தையும் துறந்தார்.

பாடசாலை வந்தது, பாடபுத்தகமோ இல்லை. திண்ணைப்பள்ளியிற் பிள்ளைகள் பொருளறியாமலே செய்யுளை நெட்டுருச்செய்து வந்த காலம் அது. ஆதலால் அச்சியந்திரம் வாங்கும் பொருட்டு, 1849-இல் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் சென்னைக்குப் புறப்பட்டார். செல்லும் வழியில் திருவாவடுதுறை யாதீனத்தார் அவரது வாக்குவன்மையை வியந்து நாவலரென்னும் பட்டம் நல்கினர். சென்னையிலே சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரியுரையையும் அச்சிடுவித்து, இயந்திரத்தோடு மீண்டார்.

அவ்வியந்திரத்தினின்று பெரும்பண்டிதர்க்கேற்ற நூல்களே முதலிற் போந்திருப்பினும் வியப்பில்லை. ஆயினும் அவர் பாலபாடம் இயற்றினார்! புராணப் பிரசங்கத்திற் கேட்டாரைப் பிணிக்கும் ஆற்றலுடைய பெரும்புலவர், எழுத்துக்கூட்டும் மழலைக்காகத் தாழ்ந்து நின்று சிறுசிறு வாக்கியங்களை எழுதினார். கள்ளுண்ணல், களவு, பொய், செய்ந்நன்றியறிதல் முதலியவற்றைப் பற்றிய பாடங்கள் மேல்வகுப்பினர்க்கு வந்தன. 1852-இற் பெரியபுராண வசனம் வெளிவந்தது. செய்யுட்கு அஞ்சுவாரும் அடியார் வரலாற்றைத் தம் மனையிலிருந்தே படிக்கலாயினர். இலக்கணச் சுருக்கமும் சைவ வினாவிடையும் பின்வந்தன. இலக்கணச் சுருக்கத்தை முடித்த பின்னரே எம் ஆசிரியர் எம்மை நன்னூல் தொடுவித்தார். அவ்வொழுங்கின் நன்மையை யாம் முதுமையிலேதான் உணர்ந்தோம்.

1860-இல் திருக்கோவையாருரையும் 1861-இல் திருக்குறட் பரிமேலழகருரையும் அச்சேறின. 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை தாபிக்கப்பெற்றது. அஃது இன்றும் நின்று நிலவுகின்றது.

தம்மவர் பிழையை மறைத்தல் அவரியல்பன்று. யாழ்ப்பாணச் சமயநிலை யென்னும் பிரசுரத்தில் கோயிலதிகாரிகளையும் குருமாரையும் கடிந்துரைத்தார். அக்கடுமை சிலவிடத்து எல்லை கடந்ததென்பதும் மறைக்கற்பாலதன்று. வடலூர் இராமலிங்க அடிகளாரோடு நிகழ்ந்த வழக்கு நீதிமன்றம் வரை சென்றமை இருபாலன்பர்க்கும் இன்றும் வருத்தந்தருவதே. சாதிவரம்பை அவர் விடாது பற்றி நின்றாராதலின், அவர் கண்ட கல்வி எல்லாச் சிறார்க்கும் எட்டிற்றில்லை. அக்குறை பின்வந்தோர் தீர்த்தற்கென எஞ்சிய கடன்.

1877-இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது, நூற்பணியை ஒருபுறம் வைத்து, வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டி யமைத்து ஏழைகளின் பசிதீர்த்தார். 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் சிவபதமெய்தினார், இல்வாழ்க்கை மேற்கொண்டாரல்லர்.

அவர் முயன்றும் முற்றாத காரியம் ஒன்றுண்டு. சைவச்சிறார் ஆங்கிலக்கல்விக்காகச் சமயம் இழத்தல் கூடாதென்று கருதி, 1872-இல் சைவாங்கில வித்தியாசாலை யொன்று தொடங்கினார். பொருட்குறையால் அது சில ஆண்டுகளிலேயே மூடப்பெற்றது. அவர் தேகவியோகமான பின்னர், 1888-இல் சைவபரிபாலன சபை தோன்றியது. அச்சபையின் முயற்சியால் 1890-இல் யாழ்ப்பாணத்து இந்துக்கல்லூரி நிலைபெற்றது. ஏடு தேடும் பணியும் அவ்வாறே கைமாறிற்று. 1868-இல் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் தொல்காப்பியச் சேனாவரையத்தைப் பதிப்பித்தபோது, பரிசோதித்து உதவியவர் நாவலரே. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய அப்பிள்ளையவர்கள், நாவலர்க்குப் பின் செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து, 1881-இல் வீரசோழியத்தையும் 1887-இற் கலித்தொகையையும் அச்சிற் கொணர்ந்தார்.