புதுமைப்பித்தனை எப்படி வாசிப்பது?

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' கதையைச் சென்னைப் பல்கலைக்கழகம் 2014இல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. தலித் மக்களை அக்கதை இழிவாகச் சித்திரிக்கிறது என்ற எதிர்ப்பே அதற்குக் காரணம். அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு நீக்கம்தான் தீர்வா? விடை காண்பதற்குமுன் அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது தகும்.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த் துறை அதிகாரி. அவருடைய பணியிட மாறுதல்களுக்கேற்பச் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என மகனின் தொடக்கக் கல்வி அமைந்தது. நம் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். எந்த நிலம் யாருக்குரியது என்று பதிவேட்டில் எழுதும் அதிகாரத்தின் நிழலில் அவர் வளர்ந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. எட்டு வயதில் தாயை இழந்தார். 1918இல் குடும்பம் நெல்லைக்குத் திரும்பியது. 1931இல் இந்துக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவ்வாண்டே கமலாவை மணந்தார்.

பின்னர் எழுத்தையே நம்பிச் சென்னை வந்தார். 'மணிக்கொடி'யில் கதைகள் எழுதினார். 'தினமணி', 'தினசரி' நாளிதழ்களில் பணியாற்றினார். 'பொன்னகரம்' கற்பு பற்றிய பெருமிதத்தை வறுமையின் முன் நிறுத்தியது. 'சாப விமோசனம்' அகலிகையின் தரப்பிலிருந்து இராமனிடம் நீதி கேட்டது.

1935இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த 'துன்பக்கேணி', நெல்லைச் சீமைச் சேரியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்படும் மருதியின் கதை. கங்காணியின் ஆசைவார்த்தை, வெள்ளைத் துரையின் பாலியல் சுரண்டல், தொழிலாளியின் உடலில் தங்கிவிடும் நோய் என ஒரு முறைமை முழுவதையும் அது பதிவு செய்கிறது. சேரியையும் தேயிலையையும் பிணைத்த கண்ணி எது என்பதை அன்றே தமிழ்க் கதையில் காட்டியவர் அவர்.

ஆயினும் அந்தக் கண் வெளியிலிருந்து நோக்குகிறது. சேரி மக்களின் பேச்சையும் பழக்கத்தையும் விவரிக்கும் இடங்களில் ஏளனம் எட்டிப் பார்க்கிறது. சாதிப் பெயர் கூச்சமின்றி வந்துவிழுகிறது. அதே சாதிப் பெயரால் தெருவில் இகழப்பட்ட மாணவர், வகுப்பறையில் அதை உரக்க வாசிக்கக் கேட்டு அமர்ந்திருக்க வேண்டும் என்று எவரும் கட்டளையிட முடியாது.

'புதிய நந்தன்' கதையிலும் இந்த இரட்டைத்தன்மை உண்டு. நந்தனைக் காந்தியமும் சுயமரியாதையும் எதிரெதிர் நின்ற காலத்துக்கு அழைத்துவந்தவர், தண்டவாளச் சாவில்தான் சாதிகளை ஒன்றுசேர்த்தார். 1947இலேயே சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது. ஆனால் நம் மாவட்டத்துத் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க நேர்ந்தது. அவர்கள் உயிரோடு, உரிமையோடு உள்ளே சென்றார்கள். அந்த முடிவு புதுமைப்பித்தனின் கற்பனைக்கு எட்டவில்லை.

திரைப்படப் பணிக்காகப் புனே சென்றவரைக் காசநோய் பற்றியது. 1948இல் திருவனந்தபுரத்தில் 42 வயதில் மறைந்தார். அதே ஆண்டில்தான் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மருதியின் பேரப்பிள்ளைகள் என்றே அவர்களைச் சொல்லலாம்.

நீதிமன்றத்தில் ஒரு சாட்சியின் சொல்லில் ஒரு பகுதி ஏற்கத்தகாதது என்பதால் முழுச் சாட்சியத்தையும் நாம் தள்ளிவிடுவதில்லை. குறுக்கு விசாரணை செய்கிறோம். 'துன்பக்கேணி'யை நீக்கினால் இழிசொல் மட்டும் போகாது. நம் முன்னோர் கப்பலேறிய பதிவும் சேர்ந்தே போகும். ஆகவே அக்கதை தலித் எழுத்தாளர்களின் படைப்புகளோடும் தலித் விமர்சனத்தோடும் ஒருசேரப் பாடமாக வேண்டும். எதை எப்படிப் பயிற்றுவிப்பது என்று முடிவெடுக்கும் பாடத்திட்டக் குழுக்களில் நம்மவர் இடம்பெற வேண்டும் என்பதே நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை.