மலைக்கள்ளனைப் படைத்த கவிஞர்

காவல்துறையில் ஊழியம் செய்த ஒருவரின் புதல்வர், ஒரு கள்ளனைக் கதாநாயகனாக்கி நாடெங்கும் உலவவிட்டார் என்றால் கேட்போர் நகைப்பர். ஆயினும் நம் சேலம் நாமக்கல் சீமையில் அஃது உண்மையாகவே நிகழ்ந்தது. அப்புதல்வரே நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை அவர்கள்.

காவிரிக்கரையிலுள்ள மோகனூரில், 1888ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், வெங்கடராம பிள்ளைக்கும் அம்மணியம்மாளுக்கும் இவர் தோன்றினார். பெண்மக்கள் எழுவருக்குப் பின் வந்த ஆண்மகவு. பெற்றோர் கொண்ட உவகையைக் கூறவும் வேண்டுமோ? நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் பயின்றபின், திருச்சிராப்பள்ளி பிஷப் ஹீபர் கல்லூரியை அடைந்தார். நம்மைப் போன்றே ஒரு மிஷன் கல்லூரி மாணவர் என்பதில் நமக்கும் சிறிது பெருமையுண்டு.

கல்விக்குப் பின் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாகவும், ஆரம்பப் பள்ளியில் ஆசிரியராகவும் சிறிது காலம் இருந்தார். எனினும் அவரது கை நாடியது தூரிகையையே. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தைத் தீட்டித் தங்கப் பதக்கம் பெற்றார். அரசரைத் தீட்டிய அதே கை பின்னர் அவ்வரசாட்சிக்கு எதிராகப் பாட்டெழுதிற்று. 1930ஆம் ஆண்டு இராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியினின்று வேதாரணியத்திற்கு உப்பெடுக்கச் சென்றபோது, வழிநெடுக அவர்கள் பாடிச் சென்றது இவரது பாட்டே. 1932இல் இவரும் ஓராண்டுச் சிறைவாசம் ஏற்றார்.

இவ்வளவும் நம் வகுப்புகளில் கேட்டறிந்தவையே. தமிழ் ஆனர்ஸ் மாணவராகிய நாம் இவர்தம் கவிதையைப் போற்றுகின்றோம். கதையையோ பெரும்பாலும் தொடுவதில்லை. இஃது எமக்கு ஒரு குறையாகவே படுகின்றது. விடுதலைக்கு முன்னரே இவர் எழுதிய "மலைக்கள்ளன்" என்னும் நாவலில், செல்வரிடம் கவர்ந்து ஏழைக்கு ஈயும் கள்வனும், பூங்கோதை என்னும் நங்கையும், கள்வனைத் தேடி அலையும் காவலரும் வருகின்றனர். போலீசார் குடும்பத்தில் வளர்ந்தவரன்றோ, அவர்தம் திகைப்பை நன்கறிந்து எழுதியிருக்கிறார்! கொல்லிமலையை நாள்தோறும் கண்டு வளரும் எம்மூராருக்கு அக்கள்வன் வாழ்ந்த மலை அதுவே என்று தோன்றும். இஃது எம் ஊர்ப்பற்றேயன்றி ஆசிரியர் கூற்றன்று.

கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு இக்கதையைப் படமாக்கி 1954இல் வெளியிட்டார். எம்.ஜி.ஆர். நாயகனாகவும் பானுமதி நாயகியாகவும் நடிக்க, வசனம் தீட்டியவர் மு. கருணாநிதி. காந்தியடிகளின் நெறியில் நின்ற காங்கிரஸ் கவிஞரின் கதைக்குத் திராவிட முன்னேற்றக் கழகத்தார் இருவர் நாவும் உருவும் ஈந்தனர்! கொள்கையால் வேறுபட்டோரையும் ஒரு கதை ஒன்றுகூட்டிற்று. தமிழ்ப் படங்களுள் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தை முதன்முதலில் பெற்றது இதுவே. அப்பால் தெலுங்கிலும், மலையாளத்திலும், கன்னடத்திலும், இலங்கையில் சிங்களத்திலும் இக்கதை படமாயிற்று. 1955இல் வெளிவந்த "ஆசாத்" என்னும் ஹிந்திப் படத்தில் திலீப்குமார் கள்வரானார், மீனாகுமாரி நாயகியானார். மோகனூர்க்காரர் ஒருவர் புனைந்த கதையென்று பம்பாயில் அதனைக் கண்டு களித்தோருள் எத்தனை பேர் அறிந்திருப்பர்? பம்பாய் இருக்கட்டும், நம் ஊரிலேயே அதனை எம்.ஜி.ஆர். படம் என்பாரே பலர். எழுதினவர் யாரென்று வினவினால் விழிப்பர்.

1949இல் சென்னை அரசாங்கத்தின் ஆஸ்தான கவியாகவும், பின்பு சட்ட மேலவை உறுப்பினராகவும் விளங்கிய இவருக்கு, 1971இல் பத்மபூஷண் விருது கிட்டியது. மறு ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் மறைந்தார். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாக்கப்பெற்று, அதனுள் ஒரு நூலகமும் அமைக்கப்பெற்றுள்ளது.